சித்தப்பாவின் நெஞ்சுவலி

என் அன்பு அப்பச்சிக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டாலும், தகப்பனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? மாடிப்படி ஏறினால் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருக்கிறது.

உங்கள் பேத்தி, என் மகள் வள்ளி காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். டாக்டராக இல்லை, மருத்துவத் தகவலியல் படித்தாள். “அப்படின்னா என்னாத்தா?” என்று கேட்டேன். “நோயாளியோட விவரத்தையெல்லாம் சேத்து, வகை பிரிச்சு, வேணுங்கிறப்ப டாக்டர் கண்ணுல படுறாப்புல வைக்கிறது. அம்புட்டுத்தான் அப்பச்சி” என்றாள். நோயை வகை பிரிப்பதுபோல் சொந்தத்தையும் பிரிக்கிறார்களாம். பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும் முதல் வட்டம், சித்தப்பா பெரியப்பா அடுத்த வட்டம்.

போன வாரம் என்னையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். “ஒங்க அப்பச்சிக்கு நெஞ்சுவலி உண்டா?” என்றாள். இல்லை என்றேன். உண்மைதானே? தள்ளாத வயதிலும் சீடையைக் கடித்துத் தின்ற ஆள் நீங்கள். ஆபத்து குறைவு என்று பச்சையாகக் காட்டியது. அவளுக்குச் சந்தோஷம்.

ஆனால் பள்ளத்தூரில் என்னைப் பெற்றவர், சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுவலி வந்து சரிந்து விழுந்து இறந்துபோனார். சாகிற வயதில்லை. அவருடைய மூத்த மகனும் அப்படியே போனான். சுவீகாரச் சடங்கில் மஞ்சள் நீர் குடித்து உங்கள் பிள்ளையாக வந்த நாள் முதல் பெற்றவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டேன். வள்ளிக்கு நான் கூட்டி வந்த பிள்ளை என்று தெரியும். ஆனாலும் அவர் அவளுக்குச் சின்னத் தாத்தா முறையில் சின்ன ஐயாதான், என்னைப் பெற்றவர் என்ற நினைப்பே வராது. அப்படித்தான் வளர்த்தோம்.

ஒரு கல்யாண வீட்டில் எவரோ, “இவுக கூட்டிக்கிட்ட பிள்ளை” என்றார். “எம் பிள்ளைன்னு சொல்லுங்க” என்று சீறினீர்களே, நினைவிருக்கிறதா? இப்போது இன்னொருவரின் நோயை என் தகப்பன் நோய் என்று சொன்னால், உங்கள் வீட்டைவிட்டு நானே இறங்கிப் போனதாக ஆகாதா? அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்றுச் சாப்பிடும்போது வள்ளி சிரித்துக்கொண்டே சொன்னாள்: “ஒங்க விவரத்தை வச்சுத்தான் எனக்கும் பாத்துச்சு. எனக்கும் பச்சைதான். ஒண்ணும் பயப்படாதீக.”

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். அவளுக்கும் பள்ளத்தூர் ரத்தம்தானே, அப்பச்சி? என் பயத்தையாவது பொறுத்துக்கொண்டேன். அவளுக்காகப் பயப்பட எனக்குத் தெம்பில்லை.

இன்று அவள் வேலைவிட்டு வந்ததும் சொல்லிவிடுவேன். சித்தப்பாவின் நெஞ்சுவலியை முதல் வட்டத்தில் எழுதச் சொல்வேன். நானும் டாக்டரைப் பார்ப்பேன். உங்களுக்கு வருத்தமாக இருக்குமோ? தகப்பனார் பெயர் என்ற இடத்தில் மட்டும் யாரையும் கைவைக்க விடமாட்டேன். இது சத்தியம்.

நீங்கள் மஞ்சள் நீர் கொடுத்துக் கூட்டி வந்த,
இல்லை அப்பச்சி,
உங்கள் பிள்ளை,
சொக்கலிங்கம்