வீட்டுக்கு ஒரு டிரைவர்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பதினேழாம் எண் பஸ். மணிக்கூண்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து மணிக்கூண்டு. செக்குமாட்டு வாழ்க்கை என்கிறார்கள். செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டிவிடுவார்கள். எனக்கு முன்னால் இவ்வளவு பெரிய கண்ணாடி.

மதியம் டிப்போவில் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு வகுப்பு. கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, அன்றாட வேலையில் அர்த்தம் தேடுங்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். "ரோடு அதேதான், ஆனா தினமும் நீங்க புது மனுஷன்" என்றார். நான் கையைத் தூக்கி, "நீங்க இங்க பஸ்லயா வந்தீங்க சார்?" என்று கேட்டேன். காரில்தானாம். என் கண்டக்டர் விழுந்து விழுந்து சிரித்தான். வாயை மூடாத காரணத்தால் அவனுக்கு டிப்போவில் ரேடியோ என்று பெயர். மேலாளர் சிரிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மானம் போயிற்று.

மச்சினன் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது அவன் காரை எங்கள் வாசலில் விட்டுப் போனான். "டிரைவர் வீட்டுல நின்னா வண்டிக்கு ஒண்ணும் ஆகாது அத்தான்" என்றான். அந்தக் காரில் இன்று மனைவியையும் அவள் சித்தி சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் எதையோ நினைத்துக்கொண்டு ஓட்டினேன். நூலக நிறுத்தம் வந்ததும் பழக்க தோஷம், காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். பையோடு நின்ற ஒரு பெரியவர் குனிந்து, "ஆஸ்பத்திரி போகுமா?" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். "போகும், ஏறுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அவரும் கதவைத் திறந்து பாதி உட்கார்ந்துவிட்டார், சித்தி மடியில்.

கல்யாண வீடு முழுக்க இதே பேச்சு. மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இவள் இப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று! அதற்கு நான்தான் கிடைத்தேன்.

இனி அந்தக் காரைத் தொடமாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

நெடுந்தூர வண்டிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். ரேடியோவுக்கு மட்டும் தெரியும். வீட்டில் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? "அப்படியா" என்பாள். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

மார்ச் 16, ஞாயிறு

விடுதியில் தங்கிப் படிக்கும் மகளைப் போய்ப் பார்த்து வரலாமா என்றாள் மனைவி. காரில். மாட்டேன் என்றேன். வாரம் முழுக்க ஓட்டுகிறவன் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டணுமா?

"அப்ப எனக்காவது ஓட்டக் கத்துக் குடுங்க."

"வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்."

அவள் பாத்திரம் கழுவத் திரும்பிவிட்டாள். நறுக்கென்று பதில் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு. சமையலறை வாசலில் நின்றுகொண்டு என்ன வீரம்!

மார்ச் 27, வியாழன்

மாற்றல் வரவில்லை. பதினேழு.

ஏப்ரல் 8, செவ்வாய்

எப்படி எழுதுவது?

காலை பத்தரை மணி நடை. நிற்க இடமில்லாத கூட்டம். ரவுண்டானா சிக்னலில் பச்சை விழுந்தது. எனக்கு முன்னால் எல் போர்டு மாட்டிய டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பி மறுபடி அணைந்தது. ஹாரனில் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. ரேடியோ பாதி உடம்பை வெளியே நீட்டி, "ஏம்மா, ரோடு உனக்குச் சமையல்கட்டா? வீட்டுக்குப் போய்க் குக்கரைப் பாரு!" என்று கத்தினான். நானும் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

காரிலிருந்து தலை திரும்பியது. இவள்.

"அண்ணே... அண்ணி!" என்றான் ரேடியோ. அப்புறம் ஆஸ்பத்திரி வரைக்கும் அவன் வாயே திறக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

அவள் மூன்றாம் முறை வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள். அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"எப்பலேர்ந்து?"

"மூணு வாரமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க லாங் ரூட் கேட்டிருக்கீங்களாமே. ரேடியோ பொண்டாட்டி சொன்னா. நீங்களும் சொல்லல, நானும் சொல்லல. சரியாப் போச்சு."

கோபத்தில் எதைக் கேட்பது என்று தெரியாமல், "உனக்கு நேரம் ஏது?" என்றேன்.

"பத்துலேர்ந்து பதினொண்ணு. அந்த நேரம் எப்பவுமே இருந்துச்சுங்க. நான்தான் பாக்கல."

ஏப்ரல் 9, புதன்

எரிச்சல் அடங்கவில்லை. அவளுக்கும் அதே நாள்தானே? அதே அடுப்பு, அதே துணி, அதே குழாய். என்னுடையதாவது ஊரைச் சுற்றும் செக்கு, அவளுடையது நாலு சுவருக்குள். நான் உட்கார்ந்து புலம்பினேன். அவள் அதற்குள்ளேயே ஒரு மணி நேரத்தைத் தேடி எடுத்துக்கொண்டாள். கோட்டுக்காரர் வகுப்புக்கு இவளா போனாள்?

பொறாமைதான். என் பெண்டாட்டி மேல் எனக்குப் பொறாமை. எழுதியாகிவிட்டது, போதும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பத்து மணி ஆனால் கண் எல் போர்டைத் தேடுகிறது. பஸ் ஓட்டத் தொடங்கிய இத்தனை வருஷத்தில், அடுத்த திருப்பத்தில் என்ன வரும் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது பார்க்கிறேன். தேடுகிற சாக்கில் மற்றதும் கண்ணில் படுகிறது. முடிவெட்டுகிறவர் இரண்டு கையிலும் டீயை வைத்துக்கொண்டு முழங்கையால் கதவைத் தள்ளுகிறார். மருந்துக்கடைப் பெண் கல்லாவுக்குப் பின்னால் நின்று நடனம் பழகுகிறாள். அந்தப் பெண்ணும் தினமும் அங்கேதான் நின்றிருப்பாள், நான்தான் பார்க்கவில்லை.

இன்று ரவுண்டானாவில் பஸ்ஸை நிறுத்தி அவளுக்கு வழி விட்டேன். அழகாகத் திரும்பினாள். "அண்ணிக்குக் கை பழகிடுச்சு அண்ணே" என்றான் ரேடியோ. பின்னால் பயணிகள் திட்டினார்கள். திட்டட்டும்.

வீட்டுக்கு வந்து, "ரவுண்டானால கியரைக் குறைச்சுட்டுத் திரும்பு" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் சார் சொல்லிக் குடுத்துட்டார்."

சாராம். அவனுக்கு மீசை இப்போதுதான் முளைத்திருக்கிறது.

மே 7, புதன்

முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நான் இரண்டாவது தடவையில்தான் தேறினேன். அவளுக்கு அது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மே 19, திங்கள்

மாற்றல் வந்துவிட்டது. மேலாளர் கைகொடுத்தார். "கேட்டது கிடைச்சிருச்சே, முகத்துல ஒரு சிரிப்பைக் காணோமே?" என்றார். வேண்டாம் என்று சொல்ல இரண்டு தடவை அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். என்ன காரணம் சொல்வது? ரவுண்டானாவில் என் பெண்டாட்டி வருவாள், பார்க்கணும் சார் என்றா?

இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரத்து செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரே ஒரு வார்த்தை.

"நல்லதுங்க. நீங்க ஆசைப்பட்டதுதானே" என்றாள்.

"வாரத்துல நாலு நாள் இருக்க மாட்டேன். நீ தனியா..."

"எனக்கென்ன? நான் பாத்துக்கறேன்."

போக வேணாம்னு சொல்லேன்டி. நான் கேக்காமலேயே சொல்லேன். அவ கத்துக் குடுங்கன்னு கேட்டப்ப நான் என்ன சொன்னேன்? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இப்ப இதை எதிர்பார்க்கறேன்?

மே 30, வெள்ளி

பதினேழில் கடைசி நாள். ரேடியோ பயணிகளிடம் எல்லாம் சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கிய ஒரு அம்மாள், "உங்க பேர் கூடத் தெரியாதுப்பா, உங்க ஹாரன் சத்தம் தெரியும்" என்றார். அதற்கு ஒரு சிரிப்பு சிரித்துவைத்தேன். இந்தக் கிழவி எத்தனை வருஷமாக ஏறுகிறாள் என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்டதில்லை.

ஜூன் 5, வியாழன்

நெடுஞ்சாலை. காலையிலிருந்து மதியம் வரை யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. கண்ணாடி முழுக்க வானம். இதற்குத்தான் கேட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் நடை முடிந்து இறங்கினால், டிப்போ வாசலில் மச்சினன் கார் நின்றது. ஓட்டும் பக்கம் போய்க் கதவில் கை வைத்தேன். அவள் உள்ளே இருந்தபடியே, "அந்தப் பக்கம் வாங்க" என்றாள். ரேடியோ வேறு பார்த்துக்கொண்டிருந்தான். சுற்றிப் போய் உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை தனியாக விடுதிக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தாளாம். "ஏன் சொல்லல?" என்றேன். "போன் பண்ணப்ப சாப்பிட்டியான்னு கேட்டீங்க, சாப்பிட்டேன்னு சொன்னேன். வேற எதுவும் கேக்கலையே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தாள். அறையில் கூட இருக்கும் பெண், பரீட்சை, முடியை வெட்டிக்கொண்டது என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினாள். முன்னால் ஒரு லாரி திடீரென்று வேகம் குறைந்தது. இவளும் நிதானமாகக் குறைத்தாள்.

"காலை எடுங்க" என்றாள். "அங்க பிரேக் இல்ல."

குனிந்து பார்த்தேன். என் வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டேன்.