ஃபுல் ஃப்ரேம் எனக்குத் தெரியாததா?

மார்ச் 3, செவ்வாய்

கடை திறந்த கையோடு தங்கச்சி வந்து நின்றாள். பன்னிரண்டு வருடமாக நாடக அரங்கத்துக்குப் படம் எடுப்பவள். முகம் சரியில்லை.

"புது டைரக்டரம்மா கண்டிச்சு சொல்லிட்டாங்கண்ணே. மேடையில ஒருத்தங்க அழுற நேரத்துல என் கேமரா டக்கு டக்குன்னு தட்டுதாம். இருபத்தி நாலாம் தேதி ஒத்திகையில சத்தம் கேட்டா வேற ஆள் பாத்துக்குவாங்களாம்."

சத்தமே வராத ஃபுல் ஃப்ரேம் கேமரா ஒன்று வாங்கவேண்டும், கூட வா என்றாள்.

ஃபுல் ஃப்ரேம்! இருபத்திரண்டு வருடமாகப் படத்துக்குச் சட்டம் போடுகிறவனிடம் வந்து இதைச் சொல்கிறாள். முன்னால் கண்ணாடி, பின்னால் அட்டை, நாலு பக்கமும் சட்டம் — இதுதான் ஃபுல் ஃப்ரேம். கண்ணாடி இல்லையென்றால் அரை ஃப்ரேம். "இதைப் பத்தி என்னைவிடத் தெரிஞ்சவன் இந்த ஊர்லயே கிடையாது" என்றேன். கடையில் நின்ற இருபது பேரும் தலையாட்டினார்கள்.

சரி, இரண்டு பேர். அதில் ஒருவர் வழி கேட்க வந்தவர்.

மார்ச் 5, வியாழன்

கேமரா கடைக்காரருக்கு மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. நாலுகண்ணர் என்று பெயர் வைத்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். (சாவி எடுக்க என்கிறாள் தங்கச்சி.)

மூன்று கேமரா காட்டினார். பெரிய தொகை என் மண்டையில் நிற்காது. புது ஸ்கூட்டர் விலையை வைத்துத்தான் எதையும் அளப்பேன். முதலாவது அறுபத்தொரு மெகாபிக்சல், இரண்டு ஸ்கூட்டர். இரண்டாவது இருபத்திநாலுதான், ஆனால் நாலு ஸ்கூட்டர்! கேட்டால் வேகமாம். மூன்றாவது அதே இருபத்திநாலு ரகத்தில் பழைய மாடல், யாரோ வைத்திருந்தது, ஒன்றேகால் ஸ்கூட்டர். தங்கச்சி கையில் இருக்கிற பணம் இரண்டரை ஸ்கூட்டர்.

"கண்ணாடியோட சேர்த்தா இந்த விலை?" என்று கேட்டேன்.

"லென்ஸ் தனிங்க. இது வெறும் பாடி."

நான் கேட்ட கண்ணாடி வேறு, அவர் சொன்ன கண்ணாடி வேறு. தங்கச்சி மட்டும், "நல்ல வேளை ஞாபகப்படுத்தினண்ணே, இருட்டு மேடைக்கு நல்ல லென்ஸும் வேணும்ல" என்றாள். நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அங்கேதான் தெரிந்தது. உள்ளே வெளிச்சத்தைப் பிடிக்கிற தகடு பழைய ஃபிலிம் கட்டத்தின் முழு அளவுக்கு இருந்தால் அது ஃபுல் ஃப்ரேமாம். போகட்டும், எப்படியும் நாலு பக்கம்தானே?

"அறுபத்தொண்ணு எங்க, இருபத்தி நாலு எங்க? பழைய லென்ஸை வச்சு ஓட்டிக்க. அடுத்தவன் தொட்டதை வாங்குற பழக்கமே நம்ம குடும்பத்துல கிடையாது" என்றேன். என் ஸ்கூட்டருக்கு நான் மூன்றாவது ஆள். அது வேறு விஷயம்.

தங்கச்சி முதலில் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

வீட்டுக்காரிக்கு மெகாபிக்சலை விளக்கினேன். "கண்ணாடி போட்டும் பஸ் நம்பர் தெரியல உங்களுக்கு. அறுபத்தொண்ணுல என்னத்தைங்க பாக்கப் போறீங்க?"

மார்ச் 10, செவ்வாய்

அரங்கத்து முன்கூடத்தில் ஒரு படத்தின் கண்ணாடி விரிசல். அங்கே சுவரில் தொங்குவதெல்லாம் நான் போட்ட சட்டம். மாற்றிக்கொண்டிருந்தபோது டைரக்டரம்மா வந்தார்கள். சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"இனிமே மேடையில ஊசி விழுந்தாலும் கேக்கும், என் தங்கச்சி கேமரா கேக்காது. அறுபத்தோரு மெகாபிக்சல், நானே பாத்து எடுத்தது."

"பாக்கலாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் போனார்கள்.

மார்ச் 12, வியாழன்

இன்று கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

அறுபத்தொன்றை வாடகைக்கு எடுத்து, மேடை விளக்குகளைப் போடச் சொல்லிப் பார்த்தோம். சத்தமே இல்லை. நான் கைதட்டினேன். பிறகு படத்தைத் திருப்பிக் காட்டினாள் — முழுக்கக் கோடு. முகத்தின் மேல், சட்டையின் மேல், பின்திரையில், பட்டை பட்டையாக. சத்தத்தோடு எடுத்தால் கோடு இல்லை. சத்தமில்லாமல் எடுத்தால் கோடு. பத்து தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி ஏண்ணே பேசுற? டைரக்டரம்மாகிட்ட வேற போய்ச் சொல்லியிருக்க. உனக்கு இது பேச்சு. எனக்கு இது பொழப்பு."

வாடகைக் கேமராவைப் பையில் வைத்து நானே தூக்கிக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

கடை திறந்தேன். மூடினேன்.

மார்ச் 14, சனி

தனியாக நாலுகண்ணரிடம் போனேன். "எனக்குக் கேமராவைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. ஏன் கோடு விழுந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். "மேடை விளக்கு நிக்காம எரியற மாதிரி தெரியும். ஆனா கண்ணுக்குத் தெரியாத வேகத்துல விட்டு விட்டுத்தான் எரியுது. சத்தமில்லாம எடுக்கிறப்ப கேமரா மேலேருந்து கீழ வரிவரியாப் படிக்கும். உங்க அறுபத்தொண்ணுக்குப் புள்ளி அதிகம், மெதுவாப் படிக்குது. அதான் கோடு."

மெதுவாகப் படித்தால் கோடு விழும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எட்டாவதோடு நான் நின்றதே அதனால்தான். நோட்டு முழுக்கச் சிவப்புக் கோடு.

"அந்தப் பழசு?"

"அது வேகமாப் படிக்கிற ரகம்."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எங்கங்க பேச விட்டீங்க?"

கடைக்கு வந்து ஆர்டர் நோட்டுகளை எல்லாம் இறக்கினேன். தூசி. இருபத்திரண்டு வருடத்தில் இரண்டடிக்கு மூன்றடிச் சட்டம் மொத்தமே நாலு. அரங்கத்துக்குப் போனவை அத்தனையும் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலம். நாலுகண்ணருக்குப் போன் போட்டேன்: அந்த அளவுக்கு இருபத்திநாலு மெகாபிக்சல் போதுமா? "தாராளமா. அதுக்கு ரெண்டு மடங்கு சைஸுக்கும் தாங்கும்" என்றார்.

ஆக, அறுபத்தொன்றை மாட்ட இந்த ஊரில் சுவரே இல்லை. இது எனக்குத் தெரிந்த கணக்கு. இதை விட்டுவிட்டுத்தான் தெரியாத கணக்கெல்லாம் பேசியிருக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

நோட்டைத் தங்கச்சியிடம் காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "இதை முதல்லயே சொல்லியிருந்தா?" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான்.

பழசை வாடகைக்கு எடுத்து, அதே மேடை, அதே விளக்கில் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கோடு இல்லை. சாயங்காலமே வாங்கிவிட்டாள். மிச்சத்தில் இருட்டுக்குத் தோதான லென்ஸ் ஒன்று. இரண்டும் சேர்த்து இரண்டரை ஸ்கூட்டர், சொச்சம் பாக்கி கிடையாது.

மார்ச் 24, செவ்வாய்

ஒத்திகை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். நாடகத்தில் அந்த நடிகை அழுகிற இடம் வந்தது. நான் மேடையைப் பார்க்கவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். தங்கச்சி இடது பக்கம் நின்றாளா, வலது பக்கமா, எடுத்தாளா, எடுக்கவில்லையா — தெரியவில்லை. அரங்கம் முழுக்கக் கேட்ட ஒரே சத்தம் என் நாற்காலியுடையது.

டைரக்டரம்மா திரும்பி முறைத்தார்கள். என்னைத்தான்.

ஏப்ரல் 9, வியாழன்

அரங்கத்திலிருந்து ஆள் வந்து ஒரு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். தங்கச்சி எடுத்த பன்னிரண்டு படம். இனி ஒவ்வொரு நாடகத்துக்கும் இப்படிப் பன்னிரண்டு வருமாம், வருடம் முழுக்க. படங்களோடு டைரக்டரம்மா எழுதிய சீட்டு: ஓரம் வெட்ட வேண்டாம், எடுத்தது எடுத்தபடியே இருக்கட்டும்.

வெட்ட அவசியமே வரவில்லை. அந்தக் கேமராவின் கட்டமும் என்னுடைய பன்னிரண்டுக்குப் பதினெட்டும் ஒரே கணக்கு. சட்டத்துக்குள் வைத்தால் அப்படியே உட்காருகிறது, மயிரிழை இடைவெளி இல்லை. அழுகிற முகத்தைக் கடைசியில் போட்டேன். கடைக்கு வந்தவர் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். யார் எடுத்தது என்று கேட்டார். "என் தங்கச்சி" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆர்டர் நோட்டில் எழுதியது: 12 x 18. எண்ணிக்கை 12. கண்ணாடியுடன். ஃபுல் ஃப்ரேம்.