கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு மொய் விருந்து

ஜூலை 4, 2025, வெள்ளி

இன்றும் சுரங்கப்பாதைக்குள் லாரி நின்றுவிட்டது. லாரியின் மேல் குற்றமில்லை. கணினிக்கு மூச்சு வாங்குகிறது. பிரசாந்த் சுரங்கத்தின் அந்தப் பக்கம் தன் லாரியை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருந்தார்.

"எங்க இருக்க மதி?"

"அதே எடத்துலதான்."

"வெளிச்சம் தெரியுதா?"

"தெரியுது. அசையத்தான் மாட்டேங்குது."

என் கணவர் ஓமானில் டிரெய்லர் ஓட்டுகிறார். வாரத்தில் ஆறு நாள் பாலைவனத்தில் நிஜ வண்டி. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் லாரி ஓட்டும் விளையாட்டு. இதற்குப் பெயர் ஓய்வு. திருக்கோகர்ணத்திலிருந்து நான் இன்னொரு லாரியில் அவர் பின்னால் போகிறேன். மாலை ஆறிலிருந்து ஏழு வரை, பெயர் வாயில் நுழையாத பனி நாடுகளில், யாரோ தின்னப்போகும் பாலாடைக்கட்டியை ஏற்றிச் செல்கிறோம். எனக்கு ஸ்கூட்டி லைசென்ஸ்கூடக் கிடையாது. கல்லூரி நூலகத்தில் என்னிடம் புத்தகம் வாங்கும் பிள்ளைகளுக்கு, இந்த அம்மா வாரம் ஒரு முறை நாற்பது டன் ஓட்டுகிறது என்பது தெரியாது.

மற்ற நாட்களில் போனில் பேசுகிறோம். அது பேச்சல்ல, கூட்ட நடவடிக்கை. கேஸ் வந்ததா – வந்தது. அப்பா மாத்திரை போட்டாரா – போட்டார். வீட்டு லோன் கட்டியாச்சா – கட்டியாச்சு. கூட்டம் இனிதே முடிந்தது. லாரியில் ஏறிய பிறகுதான் நான் கட்டிக்கொண்ட ஆள் வருகிறார். தப்பும் தவறுமாகப் பாடுகிறார். நான் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஜூலை 8, செவ்வாய்

விளையாட்டுக் கம்பெனியிடமிருந்து அறிவிப்பு. ஆகஸ்ட் இருபது முதல் புதிய பதிப்பு. பழையதை வைத்திருப்பவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து ஓட்ட முடியாது. புதியதை ஓட்டத் தகுதியுள்ள கிராபிக்ஸ் கார்டுகளின் – திரையில் படம் காட்டுவது அதுதான் – பட்டியல் கீழே. நம்முடையதைத் தேடினேன். இருப்பவர் பட்டியலிலும் இல்லை, நீக்கப்பட்டவர் பட்டியலிலும் இல்லை. அப்படி ஒரு கார்டு பிறந்ததையே அவர்கள் மறந்துவிட்டார்கள்.

பிரசாந்த் டிப்ளமோ படிக்கும்போது வாங்கிய கணினி. எனக்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்தது. அந்த வகையில் மூத்தவள்.

போனில் சொன்னேன். "வுடு மதி, போன்லயே பேசிக்குவோம்" என்றார். பிறகு கேஸ் வந்ததா என்று கேட்டார்.

ஜூலை 10, வியாழன்

பஸ் ஸ்டாண்ட் பக்கம் சந்தோஷ் கடைக்கு சி.பி.யூ.வை ஆட்டோவில் கொண்டுபோனேன். சந்தோஷ் கணினி ரிப்பேர் செய்கிறவர். பேச்சு மட்டும் பெரியாஸ்பத்திரி டாக்டர். மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, உள்ளே இருந்த இரண்டு பல்லி முட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருக்கலாம்க்கா."

"எத்தனை நாள் முன்னாடி?"

"ஒரு ஆறு வருசம்."

புதிதாக வாங்கிவிடச் சொன்னார். கையில் எட்டாயிரம் இருக்கிறது என்றேன். அவர் காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்தார்.

"எட்டாயிரத்துக்கு லைட் எரியிற கேபினட் வரும்க்கா. சும்மா செவப்பும் நீலமுமா ஜொலிக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது."

எனக்குச் சில பேராசிரியர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

பிரசாந்திடம் கேட்டால் அனுப்புவார். அனுப்பிவிட்டு இரண்டு மாதம் ராச்சாப்பாட்டைக் குறைப்பார். கேட்கப்போவதில்லை. பழைய சாமான் தேடுங்கள் என்றேன். "கெடைச்சா சொல்றேன்" என்றார். நம் ஊரில் இதற்குப் பொருள் கிடைக்காது என்பது.

ஜூலை 18, வெள்ளி

மூன்று முறை நின்றது. மூன்றாம் முறை அவர் காத்திருந்து காத்திருந்து தூங்கிவிட்டார். ஸ்பீக்கரில் குறட்டை கேட்டது. அதையும் அணைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன் – இதை எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 19, சனி

மாமா இன்று என்னிடம் பேசினார். அதாவது, என் முன்னால் பேப்பரிடம் பேசினார். மாமனார் மருமகளை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்பது கண்ணுசாமி அவர்களின் கொள்கை. எட்டு வருடமாக மின்விசிறியும் செய்தித்தாளும்தான் எங்கள் மொழிபெயர்ப்பாளர்கள்.

"ஆடி பொறந்துருச்சு" என்றார் பேப்பரிடம். "அவனவன் பந்தல் போட்டு மொய் விருந்து வைக்கிறான். இந்த வீட்லருந்து இருவது வருசமா எல்லாத்துக்கும் போயி செஞ்சாச்சு. ஒரு தடவ நாம வச்சதில்ல."

எனக்குத் திடுக்கென்றது. மாமாவின் சொந்த ஊர் கீரமங்கலம் பக்கம். கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிடுவார்கள். சாப்பிட்டவர்கள் மொய் வைப்பார்கள். நாளைக்கு அவர்கள் கூப்பிடும்போது நாம் கூட்டித் திருப்பி வைக்க வேண்டும்.

"பணம் வேணாம் மாமா. மொய்யும் லோன்தான். நடுவுல ஒரு எலும்பு கெடைக்கும், அவ்வளவுதான்."

மாமா மின்விசிறிக்கு மாறினார். "பணம் யாரு கேட்டா? வீட்டுக்கு வீடு பரண்ல ஒரு கம்ப்யூட்டர் செத்துக் கெடக்கு. சந்தோசுப் பய தேடித் தரமாட்டான். சோறு போட்டாத் தன்னால வரும்."

பேப்பரை மறுபடி விரித்தார்.

"வெள்ளிக்கெழமையானா பய சிரிக்கிற சத்தம் ஹால் வரைக்கும் வருது. எங்கிட்டப் பேசுறப்ப அவன் அப்படிச் சிரிச்சதில்ல."

பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 28, திங்கள்

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் அட்டை, மேலே பிள்ளையார். 'நிகழும் ஆடி மாதம் 25-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் இல்ல மொய் விருந்துக்கு வருகை தந்து, கம்ப்யூட்டர் சாமான்களை வழங்கிச் சிறப்பிக்க வேண்டுகிறோம். பணம் பெறப்படாது.' தமிழ் படித்தவள் என்ற முறையில் ஒற்றுப்பிழை திருத்தியது மட்டுமே என் பங்கு.

ஆகஸ்ட் 9, சனி

கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்திருந்த எட்டாயிரம் முழுவதும் ஆட்டுக்குப் போய்விட்டது. இனி ஆடுதான் எனக்குக் கார்டு வாங்கித் தர வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாடியில் பந்தல். காலை பதினோரு மணிக்கே கூட்டம். மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டார். வருகிற மொய்யை அறிவிக்க வேண்டுமாம்.

"சாரதி ஸ்டோர்ஸ் – மவுஸ் ஒண்ணு! வடக்குத் தெரு குமரவேல் குடும்பத்தார் – மவுஸ் ஒண்ணு! கீபோர்டு ஒண்ணு, ரெண்டு பட்டன் இல்ல, பரவாயில்ல!"

வெறுங்கையோடு சாப்பிட்டுப் போவது இங்கே பாவம். கணினி இல்லாத வீட்டிலிருந்தும் சாமான் வந்தது. ஒருவர் கால்குலேட்டர் வைத்தார். ஒருவர் டி.வி. ரிமோட் வைத்தார், பட்டன் இருக்கிறதே என்றார். மொத்தம் பதினாறு மவுஸ். மூன்றாம் பந்தி முடிந்தபோது இந்த மாவட்டத்தின் மவுஸ் தலைநகரம் எங்கள் வீடுதான். கார்டு மட்டும் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. ரசத்தில் காரம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

மூடிப்போன பிரவுசிங் சென்டர்காரர் முழு சி.பி.யூ. ஒன்றுக்கு மாலை போட்டுத் தூக்கிவந்தார். சந்தோஷ் சாப்பிட வந்தவர் இரண்டு முறை குழம்பு வாங்கிவிட்டு, பையிலிருந்து கணினியை வேகமாக்கும் எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஒன்றை எடுத்து வைத்தார். "தின்னுட்டுச் சும்மா போக முடியுமாக்கா?" கடையில் கிடைக்காத சாமான், இலையில் உட்கார்ந்ததும் கிடைத்துவிட்டது.

கடைசிப் பந்தியில் வந்தார் அறிவுச்செல்வன். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்காரர். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு ஒரு தாம்பாளம்; நடுவில் கிராபிக்ஸ் கார்டு. ஸ்டூடியோவுக்குப் புதிய கணினி வாங்கியதால் கழற்றிவைத்தது. பக்கத்தில் இன்னும் பழையதாக, சின்னதாக இன்னொரு கார்டு.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"மொய்னா மேல ஒண்ணு வைக்கணும்ல. நூறுன்னா நூத்தியொண்ணு. அதான்." பிறகு மாமாவிடம் திரும்பினார். "எங்க அண்ணன் மக காதுகுத்துக்கு ஐயா செஞ்சது எங்களுக்கு மறக்கல."

மாமா அதை மட்டும் மைக்கில் இரண்டு முறை அறிவித்தார். பந்தியில் இருந்தவர்கள், என்னவென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

படம் வரவில்லை.

சந்தோஷ் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் மாட்டினார். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. மறுபடி. கறுப்பு. "கார்டு செத்துருச்சு போலக்கா" என்றார். ஒரு ஆடு செத்தது போதாதா? இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. இனி யாரைக் கூப்பிட்டு யாருக்குச் சோறு போடுவது? வந்த மொய்யை ரிப்பேர் என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. கொடுத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

சந்தோஷ் கார்டைப் பிடுங்கி, செம்புப் பற்களை டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அக்கா. இது குங்குமமா?"

நேற்று மொய்ச் சாமான்களை வாங்கி அடுக்கிவைத்தவர் எதிர்வீட்டு உண்ணாமலை அக்கா; அவரைக் கூப்பிட்டேன். அவர் ஒளிக்கவே இல்லை. "ஏத்தா, புதுச்சாமான் வீட்டுக்கு வருது, சந்தனம் குங்குமம் வைக்காம அப்படியே மாட்டுவீங்களா? எல்லாத்துக்கும் வச்சேன். ஒவ்வொண்ணுக்கும் மூணு எடத்துல வச்சேன்."

ரேமிலும் இருந்தது. பதினாறு மவுஸ்களும் சுமங்கலியாக இருந்தன.

நடராஜ் பென்சிலோடு வருமே, அந்த மாதிரி ஒரு ரப்பரை வாங்கிவரச் சொல்லி, சந்தோஷ் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார். மாட்டினார். திரையில் வெளிச்சம் வந்தது. மாமா மின்விசிறியைப் பார்த்துக் கும்பிட்டார். உண்ணாமலை அக்கா, "பொட்டு வச்ச கை ராசி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

புதிய பதிப்பு. ஓடியது! சுரங்கப்பாதைக்குள் நுழைந்தேன், வெளியே வந்தேன். அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்காக நான் கத்திய கத்தலில் மாமா ஹாலிலிருந்து ஓடிவந்தார்.

"அடியே, காது போச்சு" என்றார் பிரசாந்த். பிறகு சிரித்தார். கதவுக்கு வெளியே மாமா போகாமல் நின்றுகொண்டிருந்தார். நான் பார்க்காதது போல லாரி ஓட்டினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

இந்த மாதமே இரண்டு காதுகுத்து, ஒரு புதுமனை. நான் இனி பரம்பரைக் கடனாளி. மாமா சொல்கிறார் – அதாவது காலண்டரிடம் சொல்கிறார் – யார் வீட்டுக் கணினி படுத்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டுமாம். எனக்கு ஒன்று போக, பதினைந்து மவுஸ் கைவசம் இருக்கிறது. தைரியமாகப் போகலாம்.

செப்டம்பர் 6, சனி

மாலை போட்ட சி.பி.யூ. ஹாலில் சும்மா கிடந்தது. சந்தோஷ் வந்தவர், "மேல வச்ச அந்த ஒண்ணு இருக்கேக்கா, அந்தச் சின்னக் கார்டும் கம்பெனி பட்டியல்ல கடைசியா இருக்கு, அத இதுல மாட்டுனா சுமாரா ஓடும்" என்றார். யாருக்கு என்று நான் கேட்டேன். மாமா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

மூன்று லாரி. முன்னால் மாமா, ஹாலிலிருந்து. நடுவில் பிரசாந்த், ஓமானிலிருந்து. கடைசியில் நான், படுக்கையறையிலிருந்து.

மாமா வாழ்நாளில் ஓட்டிய ஒரே வண்டி டி.வி.எஸ். ஐம்பது. நாற்பது டன்னையும் அதே வேகத்தில்தான் ஓட்டுகிறார். மணிக்கு இருபது. காலி ரோட்டில் இடப்பக்க விளக்கைப் போட்டுக்கொண்டே போகிறார்.

"அப்பா, கொஞ்சம் மிதிங்கப்பா."

"பின்னாடி ஒரு பொம்பளப்புள்ள வண்டி ஓட்டிட்டு வருதுடா. மெதுவாத்தான் போகணும்."

சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார். வண்டி ஓட்டும்போது பேசக் கூடாதாம்.

அவரை முந்த எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. ஒரு மணி நேரப் பாதை. எட்டரை ஆகியும் ஊர் கண்ணில் படவில்லை. வழியில் மழை பெய்தது, நின்றது. பிரசாந்த் ஒரு முழுப் பாட்டைத் தப்பாகப் பாடி முடித்தார்.

"ஒனக்கு எதும் வேல கெடக்கா மதி?"

இல்லை என்றேன்.