ரிட்டயர்மென்ட்தானே

ஏப்ரல் 17, திங்கள்

காலை எட்டு மணிக்கே கொளுத்துகிறது. ஒன்றாம் வகுப்பு ‘அ’ பிரிவில் இரண்டு மின்விசிறி. ஒன்று சுற்றுகிறது, இன்னொன்று சத்தம் மட்டும் போடுகிறது. டிசம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வார வேலை:
– ரேங்க் கார்டு 41. பாதிகூட ஆகவில்லை.
– வருகைப் பதிவேடு கூட்டிப் போடுவது.
– புதன், வண்டலூர் டூர். ஆறு பேர் சம்மதக் கடிதம் தரவில்லை. அந்த ஆறு பேர்தான் முதலில் பஸ் ஏறி உட்காருவார்கள்.
– வெள்ளி, வருடக் கடைசி நன்றித் திருப்பலி. காணிக்கை ஊர்வலம் என் பிள்ளைகள். பழக்கூடை யார் தூக்குவது என்று இப்போதே அடிதடி.
– பள்ளி மடல் பிழை திருத்தம்.

பள்ளி மடல் தனிக் கொடுமை. ஒவ்வொரு டேர்ம் முடிவிலும் ஹெச்.எம். சிஸ்டர் லின்சி எழுதி, எல்லாப் பெற்றோருக்கும் வாட்ஸ்அப்பில் போகும். சிஸ்டருக்குச் சொந்த ஊர் கேரளா. நல்ல மனுஷி. தமிழை ஜெபப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டவர். ஷூ பாலிஷ் போடச் சொல்லும் அறிவிப்பில்கூட ‘பெற்றோரே, செவிசாய்த்தருளும்’ என்று எழுதுவார். அதை மனிதர் படிக்கிற தமிழுக்கு மாற்றித் தருவது இரண்டு வருடமாக என் தலையில்.

இன்று நான்கு பக்கம் வந்தது. ஐந்தாவது வரவில்லை. “அது சர்ப்ரைஸ் மிஸ். நீங்க பார்க்க வேண்டாம்.” புது மின்விசிறியாக இருந்தால் சரி.

ஜனவரியில் கொடுத்த கடிதத்துக்கு இன்றைக்கும் பதில் இல்லை. மே மாதம் எனக்கு ஐம்பத்தெட்டு. இன்னும் ஒரு வருடம், ஒரே ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறேன். முன்பு இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். எப்போது கேட்டாலும் “பிரார்த்தனை பண்ணுங்க மிஸ்.” பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியது ஆண்டவர் இல்லையே, மேனேஜ்மென்ட்.

ஏப்ரல் 18, செவ்வாய்

கடைசிப் பரீட்சை. வாய்மொழித் தேர்வு. “உங்க வீட்ல என்ன வளர்க்கிறீங்க?” என்று கேட்டதற்கு ஒருத்தி: “எதுவும் வளர்க்கல மிஸ். ஹவுஸ் ஓனர் விட மாட்டாரு.” முழு மார்க் போட்டேன்.

வீட்டில் இவர். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம். அதிலிருந்து என் சமையலறைக்குத்தான் இன்ஸ்பெக்டர். “மூணு விசில் போதுமே, ஏன் நாலு?” குழம்பு கொதிக்கும்போது பின்னால் வந்து நின்று மணி பார்க்கிறார். ஒரு வீட்டுக்கு ஒரு ரிட்டயர்டு போதும்.

ஆனால் அதற்காக மட்டும் ஒரு வருடம் கேட்கவில்லை. இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள். ஜூனில் ஒரு பிள்ளை மூக்கு ஒழுக அழுதுகொண்டு வரும். ஆகஸ்டில் ஒரு நாள் ‘ப-ட்-ட-ம், பட்டம்’ என்று தானாகப் படித்துவிட்டு, நான்தான் அதைச் செய்தேனா என்பதுபோல் நிமிர்ந்து என்னைப் பார்க்கும். ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

பால் கார்டு புதுப்பிக்க வேண்டும். மறந்தே போகிறது.

ஏப்ரல் 19, புதன்

வண்டலூர். வெயில். நாற்பத்தொன்றும் திரும்பி வந்தன, ஒரு செருப்பு வரவில்லை. வெள்ளைப் புலி தூங்கிக்கொண்டிருந்தது. “மிஸ், எழுப்புங்க மிஸ்.” பார்க்க வேண்டிய விலங்கெல்லாம் விட்டுவிட்டு எல்லோரும் ஒரு காக்கை பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதைக் கால் மணி நேரம் பார்த்தார்கள்.

துணைக்கு வந்த ஒரு அம்மா எதையும் நேராகப் பார்க்கவில்லை, எல்லாம் போனில்தான். கால் வீக்கம். வெந்நீர்.

ஏப்ரல் 20, வியாழன்

நான் செத்துப்போனேன்.

மத்தியானம் மூன்றரைக்குப் பள்ளி மடல் போயிருக்கிறது. என் போன் வழக்கம்போல் சத்தமில்லாமல் பைக்குள். நாலேகாலுக்கு வீடு. நல்ல பசி, தோசைக்கல்லைப் போட்டேன். காலிங் பெல். இவர் போய்த் திறந்தார். வாசலில் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பா, அம்மா. அப்பா கையில் பெரிய ரோஜா மாலை. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

அவர்: “சார், எப்படி சார்? திடீர்னு?”

இவர்: “என்ன திடீர்னு?”

“மிஸ்ஸு… உள்ள வச்சிருக்கீங்களா?”

“உள்ளதான் தோசை ஊத்திட்டு இருக்கா. இருங்க, கூப்பிடுறேன்.”

தோசைத் திருப்பியோடு நான் வந்து நின்றதும் அந்த அம்மா போட்ட சத்தத்தில் மாடி வீட்டு நாய் குரைத்தது. மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மாதா படத்துக்குப் போட்டோம்.

போனை எடுத்தால் அறுபதுக்கு மேல் அழைப்பு. நாவலூரில் வேலை செய்கிற மகள் ஆட்டோவில் அழுதுகொண்டே பாதி வழி வந்துவிட்டாள். அவளுடைய பள்ளித் தோழி ஸ்டேட்டஸில் என் படமும் மெழுகுவத்தியும் வைத்திருக்கிறாளாம். “நீ ஏம்மா போன எடுக்கல?” என்று உயிரோடு இருப்பதற்காக என்னைத் திட்டினாள்.

பெற்றோர் குரூப்பில்:
“ஆழ்ந்த இரங்கல்.”
“ஓம் சாந்தி.”
“நேத்துகூட ஜூவுல பார்த்தேனே, நல்லாத்தானே இருந்தாங்க!”
“வெயில்தான். பாவம்.”
“அப்போ நாளைக்கு ஸ்கூல் லீவா?” (இதற்கு நான்கு கட்டைவிரல்.)

பிறகுதான் மடலின் ஐந்தாவது பக்கம் பார்த்தேன். என் படம், முட்டை வடிவத்தில், சுற்றிலும் பூ. கீழே:

‘முப்பத்தோரு ஆண்டுகள் நம் மழலையருக்கு எழுத்தறிவித்த அன்பு ஆசிரியை திருமதி ஆக்னஸ் மேரி இக்கல்வியாண்டின் முடிவில் இளைப்பாற்றி அடைகிறார். முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக.’

கல்லறைத் திருநாளில் சொல்கிற செபம் அப்படியே. இளைப்பாற்றி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான், சாவு. முதலில் இரங்கல் போட்டது, சர்ச்சில் பூசை வேலையெல்லாம் பார்க்கும் கோயில்பிள்ளை வீட்டு மருமகள். அவர்களே போட்டுவிட்டார்கள் என்று மற்றவர்களும் போட்டுவிட்டார்கள். கல்வியாண்டின் முடிவில் என்று தேதி வேறு இருக்கிறதே, அதை ஒருவர்கூடப் படிக்கவில்லை. இல்லை, ஒருவர் படித்திருக்கிறார்: “முன்னாடியே நாள் குறிச்சிட்டாங்கன்னா கேன்சரா?”

சிரித்தேன். மகளும் சிரித்தாள். தோசை கருகிவிட்டது.

அப்புறம் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். இக்கல்வியாண்டின் முடிவில். அப்படியானால் என் கடிதத்துக்குப் பதில் இதுதான். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எனக்கு.

ஏப்ரல் 21, வெள்ளி

கேட்டில் ஆயா வேலம்மா பிடித்துக்கொண்டாள். “இன்னா மிஸ்ஸு, நல்லாத்தான கீறீங்க! எங்க தெருவுல நேத்து ஒரே பேஜாரு. நான் நம்பவே இல்ல. மிஸ்ஸு போயிருந்தா மொதல்ல எனுக்குல்ல சொல்லிருப்பாங்க, கிளாஸ் சாவி என்கிட்டதான கீது?” சரியான நியாயம்.

திருப்பலி. பழக்கூடையில் வாழைப்பழம் இரண்டு குறைந்து பீடத்துக்குப் போனது. தூக்கி வந்தவன் வாயைத் திறக்கவே இல்லை, திறக்க முடியாது.

பத்தரைக்கு சிஸ்டர் அறை. முகம் வாடிக் கிடந்தது. நானும் அவரும் மட்டும்.

“மிஸ், சத்தியமா எனக்குத் தெரியாது. ரெஸ்ட்டுக்கு புக்ல அந்த வார்த்தைதானே இருக்கு?”

“அது செத்தவங்களுக்குச் சொல்றது சிஸ்டர்.”

“ரெண்டும் ரெஸ்ட்தானே மிஸ்?”

“அப்ப என் லெட்டர்?” என்று கேட்டேன்.

மேசைமேல் இருந்த பேனாக்களை வரிசையாக அடுக்கினார். “மேனேஜ்மென்ட்ல, புரொவின்ஷியல் ஹவுஸ்ல, வேண்டாம்னு சொல்லிட்டாங்க மிஸ். இனிமே யாருக்கும் எக்ஸ்டென்ஷன் இல்லயாம்.”

“எப்ப சொன்னாங்க?”

“ஃபெப்ருவரில.”

“பிப்ரவரிலயா? அதுக்கப்புறமும் பிரார்த்தனை பண்ணச் சொன்னீங்களே சிஸ்டர்!”

“உங்க முகத்தப் பார்த்துச் சொல்ல எனக்கு தைரியம் வரல. நல்லவிதமா எழுத்துல சொல்லலாம்னு நினைச்சேன். பூ பார்டர்கூட நானே போட்டேன்.”

அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. என் மகளைவிட நாலு வயதுதான் பெரியவர். கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு யாரும் தரவில்லை.

மற்ற எல்லாப் பக்கத்தையும் என்னிடம் கொடுத்தார். இதை மட்டும் மறைத்தார். மறைக்காமல் கொடுத்திருந்தால் ஒரு வார்த்தை மாற்றியிருப்பேன், நானும் செத்திருக்க மாட்டேன்.

போகும்போது: “மறுப்பு நீங்களே எழுதிடுங்க மிஸ். நான் எழுதினா மறுபடியும் தப்பாயிடும்.”

ஏப்ரல் 24, திங்கள்

மறுப்பு எழுத உட்கார்ந்தேன். முப்பத்தோரு வருடத்தில் எனக்குக் கொடுத்த வேலைகளிலேயே இதுதான் உச்சம்.

1. ‘ஆசிரியை ஆக்னஸ் மேரி உயிருடன் இருக்கிறார்.’ – போலீஸ் அறிக்கை மாதிரி.
2. ‘இறக்கவில்லை, ஓய்வு பெறுகிறார்.’ – இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கு ஒன்று ஆறுதல் சொல்வதுபோல் இருக்கிறது.
3. ‘ஆசிரியை ஓய்வு பெற விரும்புகிறார்.’ – பொய்.
4. ‘ஆசிரியை ஓய்வு பெற விரும்பவில்லை.’ – அனுப்ப மாட்டார்கள்.

கடைசியில்: ‘முந்தைய மடலில் சொற்பிழை நேர்ந்தது. திருமதி ஆக்னஸ் மேரி நலமாக இருக்கிறார். இந்த ஆண்டோடு பணி ஓய்வு பெறுகிறார்.’ என்னை நானே என் கையால் அனுப்பி வைத்தாகிவிட்டது. சிஸ்டர் படித்துவிட்டு, “எவ்வளவு அழகான தமிழ்!”

ரேங்க் கார்டு 29 முடிந்தது.

ஏப்ரல் 25, செவ்வாய்

எரிச்சல். எரிச்சல். எரிச்சல்.

மறுப்பு போன நிமிடத்திலிருந்து குரூப்பில் ஒரே கொண்டாட்டம். “அப்பாடா! ரிட்டயர்மென்ட்தானா!” “நல்லவேளை, ரிட்டயர்மென்ட்தானே!” ஒருவர் பட்டாசுப் படம் போட்டிருக்கிறார். பஸ் ஸ்டாப்பில் ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “பயந்தே போயிட்டோம் மிஸ், ரிட்டயர்மென்ட்தானே” என்றாள். காய்கறிக் கடையில் ஒருத்தி. மருந்துக் கடையில் ஒருவர். பங்குச் சாமியாரும் அதையே சொன்னார்.

தானே! அந்தத் ‘தானே’வை அரைத்துச் சட்னி ஆக்க வேண்டும்.

எல்லோருக்கும் நான் சாகவில்லை என்பதில் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் நான் போகிறேன் என்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. முறையாகச் சொல்லியிருந்தால் நாலு பேராவது “ஐயோ மிஸ், போறீங்களா?” என்று கேட்டிருப்பார்கள். அதுகூட எனக்கு இல்லாமல் போய்விட்டது. அழலாம் என்றால்கூட, உயிரோடு இருப்பவள் எதற்கு அழுகிறாள் என்பார்கள்.

இவரும்தான். சாப்பிடும்போது, “விடு, நல்லதுன்னு எடுத்துக்கோ. ரிட்டயர்மென்ட்தானே.” ரசத்தை ஊற்றாமல் எழுந்து வந்துவிட்டேன். அரை மணி கழித்து அவரே காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்தேன்.

ஏப்ரல் 27, வியாழன்

ஆசிரியர் அறையில் கேக். சால்வை. சிஸ்டர் ஒரு ஜெபமாலை கொடுத்தார். வாழ்த்துரையில் முக்கால்வாசி அந்த ரோஜா மாலைக் கதைதான், எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. ஏற்புரையில் சொல்ல எழுதி வைத்திருந்த எதையும் சொல்லவில்லை.

ரேங்க் கார்டு 41. முடிந்தது.

ஏப்ரல் 28, வெள்ளி

கடைசி நாள். ரேங்க் கார்டு கொடுப்பது. ஒன்பதரை முதல் வரிசை. “எழுத்து இன்னும் கோணலா இருக்கே மிஸ்?” “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எவ்வளவு மிஸ்?” வருடா வருடம் அதே. ஒவ்வொருவரும் போகும்போது அந்த வார்த்தையையும் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் தலையாட்டி ஆட்டிக் கழுத்து வலி.

பதினொன்றரை இருக்கும். வரிசையில் தீபா. என்னிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவள், இப்போது பல்லாவரத்தில் குடித்தனம். கையில் அவள் மகளுக்கு அட்மிஷன் ஃபாரம். குரூப்பில் அவள் இல்லை, ஒன்றும் தெரியாது.

“மிஸ், ஜூன்ல பாப்பாவ ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கிறேன். உங்க செக்‌ஷன்லதான் போடணும், சொல்லிட்டேன்.”

“நான் இருக்க மாட்டேன்மா.”

“ஐயோ மிஸ்! என்ன பேச்சு இது!”

“அது இல்ல. ரிட்டயர் ஆகுறேன்.”

அவள் ‘அப்பாடா’ என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. முகம் சிவந்துவிட்டது. ஃபாரத்தை மேசையில் போட்டாள்.

“என்ன மிஸ் நீங்க! பல்லாவரத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி இங்க எதுக்கு வர்றேன்? எங்க தெருவுலயே ஸ்கூல் இருக்கு. நீங்க இருக்கீங்கன்னுதானே? நீங்க பாட்டுக்குப் போறேன்னு சொன்னா எப்படி? ஒரு வருஷம் இருந்துட்டுப் போனா என்ன? வீட்ல அப்படி என்ன வெட்டி முறிக்கப் போறீங்க?”

வரிசையில் எல்லோரும் பார்க்கிறார்கள். தீபா நிறுத்துவதாக இல்லை. இத்தனை நாளில், நான் போகிறேன் என்பதற்காக என்மேல் கோபப்பட்ட ஒரே ஆள். எவ்வளவு சுகமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

“கேட்டுப் பார்த்தேன்மா” என்றேன். யாரிடமும் சொன்னதில்லை. “ஒரே ஒரு வருஷம்தான் கேட்டேன். இல்லன்னுட்டாங்க.”

கண் நிறைந்துவிட்டது, அவளுக்கு முதலில்.

பின்னால் இன்னும் ஒன்பது பேர். ‘அடுத்தவங்க வாங்க’ என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.