பதினான்காம் காட்சிக்கு ஒரு முகம்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு ஏமாற்றியது. மோட்டார் போட மறந்து வசந்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி பத்தொன்பது வருடம், இன்னும் மறக்கிறேன்.

பதினான்காம் காட்சிக்கு ஸ்டோரிபோர்டு முடிந்தது. ஒரு ஷாட்டுக்கு ஒரு படம், மொத்தம் பதினெட்டு கட்டம். 2எச் பென்சில், ஸ்கேல் பிடித்து, சுத்தமான வேலை. காட்சி இவ்வளவுதான்: வேலை போனதைக் கணவன் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்கிறான். ஒரே அறை, இரண்டே பேர். டைரக்டர் மீராவுக்கு இது முதல் படம். இந்தக் காட்சி அவருக்குப் பிடித்தால் முழுப் படத்துக்கும் நான் வரைவேன். பிடிக்காவிட்டால் வேறு ஆள். இருபத்திரண்டு வருடம் கட்டட பிளான் போட்டவனைக் கூப்பிட்டு வாய்ப்புக் கொடுத்ததே பெரிய மனசு.

வாங்க: ரப்பர், ஏ3 தாள், தேங்காய் 1, வ.வுக்குத் தலைவலித் தைலம்.

ஜூன் 11, புதன்

குரோம்பேட்டை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே மீராவின் ஆபீஸ். பதினெட்டையும் சுவரில் ஒட்டினேன். மீரா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கேமராமேன் பாபுதான் வாயைத் திறந்தார்.

"இன்னாண்ணே இது, எல்லாம் மண்டையா கீது."

எண்ணிப் பார்த்தேன். பதினாறு டாப் ஆங்கிள், கூரையிலிருந்து பார்க்கிற மாதிரி. மீதி இரண்டில் ஒன்று கதவு, இன்னொன்று ஜன்னல். சோபா அளவு சரி. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதும் சரி. மனுஷர்கள் மட்டும் இரண்டு வட்டம், ஒன்றில் வகிடு. பிளான் போட்ட கை, தானாக மேலே ஏறிவிட்டது.

"சார், இத வச்சு வீடே கட்டிரலாம்," என்றார் மீரா. "ஆனா அந்தம்மா மொகம் எங்க சார்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே கூடுதலாக உறைத்தது.

டீக்கடையில் பாபு இரண்டு பிஸ்கட்டை நிறுத்தி வைத்துப் போன் கேமராவில் காட்டினார். "கீழ வச்சா ஆள் பெருசா தெரிவான். மேல வச்சா பாவமா தெரிவான். கண்ணு மட்டத்துல வச்சா நாமளும் அங்கியே குந்திகினு இருக்குற மாரி. நீ ஃபேன்ல தொங்கிகினு பாக்குறண்ணே."

சிரித்துவிட்டேன். சனிக்கிழமை வரை டைம் வாங்கித் தந்ததும் அவர்தான். நான் கேட்கக்கூட இல்லை. நல்ல மனுஷன்.

ஜூன் 12, வியாழன்

முகம் வரவில்லை. கண்ணாடி பார்த்து என்னையே வரைந்தேன். ரேஷன் கார்டு போட்டோ.

மதியம் தாம்பரம் லோக்கலில் எதிர் சீட்டில் ஒரு பெண், போனில்: "அழலடி. ஜலதோஷம்." அவளை வரையலாம் என்று நோட்டை எடுப்பதற்குள் பல்லாவரம் வந்து இறங்கிவிட்டாள். தோள் பையும் செருப்பும்தான் கிடைத்தன.

இரண்டு நாள்தான் இருக்கிறது. பயம்.

ஜூன் 13, வெள்ளி

வ. ஸ்கூலிலிருந்து வந்ததும் சோபாவில் உட்காரச் சொன்னேன். "தலையாவது வாரிட்டு வரேனே." வேண்டாம் என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கண் எவ்வளவு உயரம் என்று டேப் பிடித்தேன். தரையிலிருந்து மூன்றடி ஏழங்குலம். பழக்கம் போகாது.

கதையில் மனைவி அழுகிறாள். அதைச் சொன்னேன்.

"நான் எதுக்கு அழணும்?"

"வேலை போச்சுன்னு நான் சொல்லுவேன். நீ அழு."

"சரி, சொல்லுங்க."

சொன்னேன். கண்ணை ஒரு நொடி மூடினாள். தோள் இறங்கியது. பிறகு உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு.

"அழணும் வசந்தி."

"அன்னிக்கு நான் அழலையே. இப்படித்தான் இருந்தேன்."

அன்னிக்கு என்றால் போன வருடம் மே. நாவலூர் ஆபீஸில் ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. ஒன்பது நாள் வழக்கம்போல ஆபீஸ் கிளம்புகிற மாதிரி கிளம்பி, வண்டலூர் ஜூவில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் திரும்பினேன். செவ்வாய் ஜூவுக்கு லீவு, அன்று மட்டும் தாம்பரம் ஸ்டேஷன். பத்தாம் நாள் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். டைல்ஸ் இரண்டுக்கு இரண்டு, மூலையில் ஒன்று விரிசல். அவ்வளவும் ஞாபகம் இருக்கிறது. அவள் முகம் ஞாபகம் இல்லை, பார்த்தால்தானே.

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள். "சட்டை துவைக்கறப்ப பாக்கெட்ல ஜூ டிக்கெட் இருந்துது. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். சொன்னதும் அப்பாடான்னு ஆயிடுச்சு."

ஒரு வருடமாக இதை என்னிடம் சொன்னதே இல்லை. ஒரு சண்டையில்கூட.

பென்சிலை எடுத்தேன். முதல் தாள் வீண். அடுத்ததில் வந்தது. நாற்பது நிமிடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது புருவத்தில் சின்னத் தழும்பு. இத்தனை வருடத்தில் இன்றுதான் கண்ணில் பட்டது. வெட்கமாக இருந்தது. எனக்கு இவள் வாய்த்தாளே என்றும் இருந்தது. வாய்விட்டுச் சொல்வதற்குள், "போதுமா? குக்கர் வைக்கணும்" என்று எழுந்துவிட்டாள்.

ஜூன் 14, சனி

ஒருவழியாக மழை. ஜி.எஸ்.டி. ரோடு நகரவில்லை. தாள்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நான் நனைந்து போய்ச் சேர்ந்தேன்.

பதினெட்டு இப்போது ஐந்து:

1. வைட். அறை, இருவரும். நடுவில் நிறைய இடம்.
2. அவள் தோளுக்குப் பின்னாலிருந்து அவன். குனிந்த தலை.
3. அவன் பார்க்கிற தரை. டாப் ஆங்கிள் இது ஒன்றுதான்.
4. அவள். க்ளோஸப், கண் மட்டம். கேமரா நகராது.
5. அதேதான். அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை.

"ஸ்கிரிப்ட்ல அழறா சார்," என்றார் மீரா.

"அழமாட்டா மேடம்."

ஏன் என்று கேட்டார். சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஜூ, டிக்கெட், எல்லாமே. வெளி ஆளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. தரையைப் பார்க்காமல் சொன்னேன்.

மீரா ஸ்கிரிப்டை எடுத்து அழுகிற வரியை அடித்தார். "பதினஞ்சாவது சீன் எப்ப தருவீங்க?"

பாபு என் முதுகில் தட்டினார். "கதை உன் வூட்டாண்டயே கீது. நீ எங்கியோ தேடிகினு இருந்த."

வீட்டில் சொன்னேன். "நல்லதாப் போச்சு. மொதல்ல தலையைத் துவட்டுங்க" என்று துண்டை நீட்டினாள்.

ஜூன் 21, சனி

டெஸ்ட் ஷூட். சேலையூரில் வாடகைக்கு எடுத்த வீடு. காலை ஏழு மணி. இட்லி ஆறிப்போய்விட்டது, சட்னி பரவாயில்லை. வ.வும் வந்தாள், ஷூட்டிங் பார்த்ததில்லையாம்.

மூன்றடி ஏழங்குலத்தில் பாபு கேமராவை வைத்தார். என் கட்டம் நான்கு மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. நடிக்கும் பெண்ணுக்குத்தான் முகம் பிடிபடவில்லை. சிரிப்பு பெரிதாகிறது, இல்லையென்றால் காணாமல் போகிறது. ஆறு டேக். மீரா பிரேக் விட்டார். எங்கள் கதையை மீரா அவளிடம் சொல்லியிருந்தார். அந்தப் பெண் எழுந்து வந்து வ. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, தெரிஞ்ச அப்புறம் எத்தன நாள் சும்மா இருந்தீங்க?"

"ஆறு நாள்."

"ஆறு நாளும் ஒண்ணுமே பண்ணலியா?"

வ. கொஞ்சம் யோசித்தாள்.

"சாப்பாட்ட மட்டும் மாத்தினேன். அதுவரைக்கும் சாம்பார், வத்தக்குழம்புன்னு கட்டிக் குடுப்பேன். தெரிஞ்சதும் தெனம் தயிர்சாதம்தான். கத்திரி வெயில்ல வெளியில உக்காந்திருப்பாரேன்னு."

அந்தப் பெண் எழுந்து போய் சோபாவில் உட்கார்ந்தாள். ஏழாவது டேக் ஓகே.

அந்த ஆறு நாளும் குரங்குக் கூண்டுக்கு எதிர் பெஞ்சிலும், செவ்வாயன்று ஸ்டேஷன் பெஞ்சிலும் டப்பாவைத் திறந்து, இன்னைக்கும் தயிர்சாதமா என்று சலித்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.