பத்தொன்பது வரிசை

ஜூன் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

இதனால் சகல உறவினர்களுக்கும், குறிப்பாக அடுப்படியில் நின்றபடியே இதைப் பிரிக்கப்போகும் என் தாயாருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று காலை ஏழு பத்துக்கு, ஹாஸ்டலின் மூன்றாம் எண் குளியலறையில், உன் மகன் யாருடைய அதட்டலும் இன்றித் தன் தலையில் தானே எண்ணெய் வைத்து, தானே ஊறி, தானே அலசிக் குளித்தான். நாளைய வரலாற்றாசிரியர்கள் தேதியைக் குறித்துக்கொள்ளவும்.

உன் எண்ணெய்க்கு இங்கே ஏக கிராக்கி. என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு 'கேசப் பராமரிப்பு நிலையம்' திறந்திருக்கிறேன். முதல் வாடிக்கையாளன் என் அறைத்தோழன் ஒட்டடைக்குச்சி. ஆறடி உயரம், அகலம் கிடையாது. அடுத்து வார்டனைப் பிடிக்கலாமென்றால் அவர் தலையில் வேலையே இல்லை. அவர்தான் இந்த ஹாஸ்டலின் உண்மையான முடிசூடா மன்னர்.

இப்போது முக்கியச் செய்தி. நான் கிளம்பிய அன்று காலை நீ ஒரு கலர் போர்வையைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாய் அல்லவா? பீரோவில், கட்டிலடியில், அப்பாவின் வாட்ச் ரிப்பேர் மேஜைக்குக் கீழே? தேடுதல் வேட்டையை நிறுத்தலாம். அது கடத்தப்பட்டுவிட்டது. கடத்தியவன் நான். உன் பின்னல் கூடையில் மேலாக நூல் உருண்டைகளைப் பரப்பி வைத்தது என் கைவண்ணம்.

காரணம் குளிர். இங்கே அடிக்கிற குளிரில் பல் தந்தியடிக்கிறது. மற்றபடி நான் சிங்கம் மாதிரி இருக்கிறேன். வீட்டு நினைப்பெல்லாம் கிடையாது. பக்கத்து அறைப் பயல் அம்மா அம்மா என்று மூக்கைச் சிந்துகிறான், பார்க்கச் சகிக்கவில்லை.

இப்படிக்கு,
கடத்தல் மன்னன்

*

ஜூன் 17

என் வாலுக்கு,

நீ தானாகக் குளித்த செய்தியை அப்பாவிடம் சத்தமாகப் படித்தேன். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே, "கையெழுத்து அவன்தானா பாரு" என்றார்.

எண்ணெயைக் கண்டவன் தலையிலெல்லாம் கொட்டாதே. வெந்தயத்தையும் கறிவேப்பிலையையும் காயவைத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம் நின்று காய்ச்சியது. லேசாகச் சூடாக்கி, விரல் நுனியால் மட்டும் தேய். நகம் படக்கூடாது. எனக்குத்தான் இப்போதெல்லாம் சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக வருகிறது. தண்ணீர் மாறியதால் இருக்கும்.

உன் பழைய கால்சட்டை இரண்டைப் பிரித்துப் பென்சில் பை தைத்திருக்கிறேன். பாக்கெட்டுக்குள் ஒரு காய்ந்த பல்லி வால் இருந்தது. யாருக்காக வைத்திருந்தாய் என்று கேட்கப் போவதில்லை. போன வாரம் வந்த உன் அத்தைக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

அத்தை வழக்கம்போல வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" "உண்டு, உங்க மருமகன் தலைக்குக் குளிச்சிருக்கான்"னு சொன்னேன். அதோடு காப்பி கேட்டு உட்கார்ந்துவிட்டாள். நீ சில சமயம் உதவுகிறாய்.

கண்ணா, அந்தப் போர்வையை மட்டும் திருப்பி அனுப்பிவிடு. இன்னும் முடியவில்லை அது. கடைசி முனையில் முடிச்சுப் போடவே இல்லை, இழுத்தால் கடகடவென்று பிரிந்துவிடும். குளிருக்கு உன் அப்பாவின் பழைய சால்வையை அனுப்புகிறேன். அதையும் இதையும் யோசிக்காமல் நாளைக்கே தபாலில் போடு.

ஆசையுடன்,
அம்மா

*

ஜூன் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

பிணைப்பொருளை விடுவிக்க இயலாது. சால்வையா? அதில் அப்பாவின் மிஷின் எண்ணெய் வாடை வரும். தும்மித் தும்மியே படிப்பு கெட்டுவிடும். ஒரு போர்வைக்கு ஏன் இத்தனை அவசரம் என்று நீ உண்மையைச் சொன்னால் பேச்சுவார்த்தைக்குத் தயார்.

அதற்குள் என் வீரபிரதாபத்தைக் கேள். போன ஞாயிறு மத்தியானம் எல்லாரும் உண்ட மயக்கத்தில் கிடக்க, நானும் ஒட்டடைக்குச்சியும் எங்கள் வராந்தாவின் எட்டுக் கதவுகளையும் கைப்பிடியோடு கைப்பிடி சேர்த்து ஒரே கயிறாகக் கட்டிவிட்டோம். நாலைந்து சுற்று. ஒரு கதவை இழுத்தால் எதிர்க்கதவு இறுகும். மூன்று மணிக்கு மணியடித்தது. அறைகளுக்குள்ளிருந்து ஒரே கூச்சல். வார்டன் கத்திரிக்கோலோடு ஓடி வந்தார்.

"எவன்டா இது?"

"எந்த இது சார்?"

"இந்தக் கயிறு!"

"கயிறு திரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை சார்."

கயிறு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை துப்புத் துலக்குகிறார். உருண்டையாகச் சுருட்டி, சாட்சியப் பொருள் என்று மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறார். நான் மாட்டவில்லை. மாட்டவும் மாட்டேன். இந்த ஹாஸ்டலில் என்னை அசைக்க ஆளில்லை.

இப்படிக்கு,
எட்டுக்கதவு ஏகச் சக்கரவர்த்தி

*

ஜூன் 26

என் கண்ணுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் மூன்று தாள் கிழித்துவிட்டேன். சிரிக்காமல் படி. சிரித்தாலும் பரவாயில்லை, முழுக்கப் படி.

உனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வேண்டுமென்று நானும் அப்பாவும் இரண்டு வருஷமாக ஆசைப்படுகிறோம். பதினைந்து வயதுப் பையனை வைத்துக்கொண்டு இதென்ன என்று நீ நினைப்பாயோ என்று சொல்லவில்லை. உன் சிநேகிதர்கள் கேலி செய்வார்களோ என்றும் பயம்.

காலையில் கண் விழித்ததும், காலைத் தரையில் வைப்பதற்கு முன், நாக்குக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில். ஊர் வாட்சையெல்லாம் சரி பண்ணுகிற உன் அப்பா மட்டும் அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார், அது வேறு கதை. முதலில் நோட்டில்தான் எழுதினேன். அதை உன் அத்தை எடுத்துப் படித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அந்த விசேஷ விசாரணை தொடங்கியது.

அதனால் போர்வை பின்ன ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு ஒரு வரிசை. சூடு குறைவாக இருந்தால் நீலம். ஏறியிருந்தால் மஞ்சள். விலக்கு நாட்களுக்குச் சிவப்பு. (உன் அறிவியல் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது, நெளியாதே.) தலையில் எண்ணெய் ஊற வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து எல்லார் கண் முன்னாலும் பின்னினேன். அத்தையே, "கலர் நல்லாருக்கே" என்றாள்.

மஞ்சள் எத்தனை நாள் தொடர்ந்து நிற்கிறது என்பதுதான் விஷயம். எனக்கு ஏழெட்டு நாளில் போய்விடும். பன்னிரண்டு நாளாவது நிற்க வேண்டுமாம். போன மாதம் டாக்டரம்மா புது மாத்திரை கொடுத்தார். முடி கொட்டுவதுகூட அதனால்தானோ என்னவோ. அது வேலை செய்ததா என்று அந்த மாத வரிசைகள்தான் சொல்லும். எண்ணினால் மனசு அலைபாயும் என்று நான் எண்ணவே மாட்டேன். காலையில் ஒரு வரிசை போட்டுச் சுருட்டி வைத்துவிடுவேன். நீ கிளம்பிய அன்று சிவப்பு வரிசை போடத்தான் தேடினேன்.

ஜூலை ஐந்தாம் தேதி டாக்டரிடம் போக வேண்டும். பார்சலை நம்ப முடியாது, உன் எண்ணெய்ப் பாட்டிலே பதினோரு நாள் ஊர் சுற்றி வந்தது. வெளிச்சத்தில் விரித்து, கடைசியாக வரும் சிவப்பிலிருந்து முனை வரைக்கும் ஒவ்வொரு நிறமும் எத்தனை வரிசை என்று எண்ணி எழுது. வேறு யாரிடமும் கேட்க முடியாத உதவி இது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உனக்குச் சம்மதம்தானே?

அம்மா

*

ஜூன் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

உத்தரவு நிறைவேற்றப்பட்டது. சிவப்பு நாலு. நீலம் பதினேழு. மஞ்சள் ஏழு. ஆக இருபத்தெட்டு. இரண்டு தடவை எண்ணினேன். கணக்கில் நான் எப்பேர்ப்பட்ட புலி என்பது உனக்கே தெரியும்.

சம்மதமா என்று கேட்டாய். நான் இந்த ராஜ்ஜியத்தை ஒண்டியாக ஆண்டு பழகியவன். பாதியெல்லாம் தர முடியாது. கால் பங்கு தரலாம். ஜன்னலோர இருக்கை எனக்கே.

பரீட்சை இருக்கிறது, ஆகையால் சுருக்கமாக முடிக்கிறேன்.

மகன்

*

ஜூலை 6

என் வாலுக்கு,

கடிதம் கிடைத்த கையோடு பதில் போட்டாயே, அதற்கே உனக்கு எதையும் கொடுக்கலாம். பரீட்சை நன்றாக எழுதினாயா?

நேற்று டாக்டரம்மா உன் கணக்கைப் பார்த்தார். "ஏழுதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். மாத்திரை பிடிக்கவில்லை, இனி ஊசிதான் என்றார். எனக்கு என்னவோ இன்னும் கொஞ்சம் மஞ்சள் பின்னிய மாதிரி ஞாபகம். ஆனால் ஆசைப்படுகிற மனசு கூட்டித்தான் சொல்லும், அதை நம்பக் கூடாது.

வரும் வழியில் அப்பாவிடம் சொன்னேன், போதும், நிறுத்திக்கொள்ளலாம் என்று. "உனக்குச் சரின்னா எனக்குச் சரி"ன்னார். அப்புறம் வீடு வரும்வரை என் பையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த வியாழன் போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன். வருத்தம் இல்லை கண்ணா. நாலு பேருக்குச் சமமாக ஒருத்தன் இருக்கிறானே, எட்டுக் கதவையும் கட்டுகிறவன். அது போதாதா? தெர்மாமீட்டரைக் கழுவி மருந்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். காலையில் கண் விழித்ததும் நேரே எழுந்து நடக்கலாம் என்பதே ஒரு சுகமாகத்தான் இருக்கிறது.

போர்வையை நீயே வைத்துக்கொள். முனையில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டுவிடு. அடுத்த பாட்டில் எண்ணெய் காய்ச்சியாகிவிட்டது. கூடவே பென்சில் பையும் வரும், பல்லி வால் இல்லாமல்.

ஆசையுடன்,
அம்மா

*

ஜூலை 10

அம்மா,

பட்டம் எதுவும் போட்டுக்கொள்ளாமல் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அந்த ஏழு, ஏழு இல்லை. ஏழு என் விளையாட்டுச் சட்டையின் எண். வாயில் வந்ததை எழுதினேன். ஏனென்றால் எண்ணுவதற்குப் போர்வையில் வரிசையே இல்லை. எட்டுக் கதவைக் கட்டிய கயிறு எது என்று நீ கேட்கவே இல்லை. இழுத்தால் கடகடவென்று பிரியும் என்று நீ எழுதினாய் பார், அந்தக் கடிதம் வரும்போதே போர்வை பிரிந்து வராந்தாவில் ஓடிவிட்டது. பத்தொன்பது வரிசை. அது என்னவென்று தெரிந்த பிறகும் சொல்லப் பயந்து, போர்வையை அவிழ்த்தவன் கதையையும் அவிழ்த்துவிட்டேன். இத்தனை பண்ணிவிட்டு நான் புலி என்று வேறு எழுதியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் நேரே வார்டன் அறைக்குப் போனேன்.

"சார், அந்தக் கயிறு வேணும்."

"எந்தக் கயிறுடா?"

"நான் கட்டினது சார்."

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தானா வந்து மாட்டுற முதல் ஆள் நீதான். எதுக்கு வேணும்?"

முழுவதும் சொல்லவில்லை. அம்மாவுக்கு அதிலிருந்து ஒரு கணக்கு அவசரமாகத் தெரிய வேண்டும், டாக்டர் விஷயம் என்று மட்டும் சொன்னேன். மேஜையைத் திறந்து உருண்டையை எடுத்துக் கொடுத்தார். மூன்று இடத்தில் வெட்டியிருந்தார், ஆனால் ஒரு துண்டையும் எறியவில்லை. மரவேலைக்கூடத்திலிருந்து அளவு நாடாவையும் அவரே வாங்கி வந்தார். போர்வையில் மிச்சமிருந்த நீலத்தில் ஒரே ஒரு வரிசையை உருவி அளந்தேன் (அதையும் மன்னித்துவிடு). ஒரு வரிசைக்கு நாலு மீட்டர். அப்புறம் ஒட்டடைக்குச்சி ஒரு முனையையும் வார்டன் மறு முனையையும் பிடிக்க, வராந்தா முழுக்க நான் தவழ்ந்து தவழ்ந்து அளந்தேன்.

நீலம் இருபத்து நாலு மீட்டர். மஞ்சள் ஐம்பத்திரண்டு மீட்டர். மூன்று தடவை அளந்தோம். இரண்டு விரல் கூடக் குறைய இருந்தது, அவ்வளவுதான்.

வகுத்துப் பார், அம்மா. நீலம் ஆறு. பிரியாமல் தப்பித்த ஐந்தோடு சேர்த்தால் பதினொன்று. மஞ்சள் பதின்மூன்று. ஏழு இல்லை, பதின்மூன்று! உன் ஞாபகம்தான் சரி. மாத்திரை வேலை செய்திருக்கிறது. நான்தான் செய்யவில்லை.

வார்டன் நேற்றே அப்பாவின் கடைக்குப் போன் போட்டு, கடிதம் வரும்வரை எதையும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னிடமும் போனை நீட்டினார். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று நான்தான் வாங்கவில்லை. தண்டனை, மாதம் முடியும்வரை வராந்தா பெருக்குவது. நியாயம்தான். தெர்மாமீட்டரை வெளியே எடு. வியாழன் டாக்டரம்மாவிடம் ஏழு என்று எழுதியது யார் என்று என் பெயரையே சொல்.

கால் பங்கு என்று எழுதியதும் பொய். பாதி தருகிறேன். ஜன்னலோர இருக்கையும் அந்தப் பாதியில் சேர்த்தி. கேலி செய்கிறவன் முதலில் என்னைக் கேலியில் ஜெயிக்கட்டும்.

போர்வையையும் நூல் உருண்டையையும் இன்று அனுப்பிவிட்டேன். நீலத்தையும் மஞ்சளையும் திரும்பப் பின்னிவிடு. சிவப்புக்கு இனி வேலை வராமலே போகட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கேசப் பராமரிப்பு நிலையம் என்று ஒன்று இல்லவே இல்லை. எண்ணெயை யாருக்கும் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கவில்லை. நீ எண்ணெய்த் தலையோடு பின்னியதால் போர்வை முழுக்க அந்த வாசனை இருந்தது. தினமும் அதைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் தூங்கினேன். மூக்கைச் சிந்துகிற பக்கத்து அறைப் பயல் என்று எழுதினேனே, எங்கள் பக்கத்து அறை சாமான் அறை. அங்கே யாரும் இல்லை. குளிருக்காக எடுத்து வந்தேன் என்றுதான் ஒட்டடைக்குச்சியிடமும் சொல்லியிருக்கிறேன். அவன் மேலே ஓடுகிற மின்விசிறியை ஒரு தடவை பார்த்தான்.

அம்மா, இங்கே குளிரே இல்லை.

உன் வாலு