வெறும் தூசிதான் என்றாய்

அண்ணா,

இன்று காலை முழங்காலுக்கு ஸ்கேன் எடுக்கப் போயிருந்தேன். ஓசூரில் உன்னை அழைத்துப் போன அதே சென்டர்தான். நாற்காலிகளை மாற்றியிருக்கிறார்கள், ஏசி மட்டும் அதே குளிர். கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். நான்காவது கேள்வியைப் படித்ததும் பழைய கோபம் அப்படியே வந்துவிட்டது. 'கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததுண்டா?' ஆள் போய் இரண்டு வருடமாகியும் என்னை இப்படிக் கோபப்படுத்த உன்னால்தான் முடியும்.

முதலில் அந்தச் சிவப்புப் பட்டன். உன் கிரைண்டிங் மெஷினில் அவசரத்துக்கு அமுக்கி நிறுத்துகிற பட்டன் வெளுத்துவிட்டது என்று மெயின்டனன்ஸ்காரர்களோடு ஒரு வாரம் சண்டை போட்டாய். தொல்லை தாங்காமல் புதுசு மாட்டினார்கள். அதுவும் வெளுப்பு என்றாய். கம்பெனி மட்டமான சாமான் வாங்குகிறது என்று, கீழ் வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு எனக்கும் ஒரு பாட்டம் திட்டு விழுந்தது. உன் இடது கண்தான் சிவப்பை வெளுப்பாகக் காட்டுகிறது என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கண்ணை உருட்டினால் வலிக்கிறது என்று நீ சொன்னது பத்து நாள் கழித்து. அதுவும் அண்ணி சாம்பார் ஊற்றும்போது, போகிறபோக்கில்.

அண்ணிக்கு டூட்டி. உன்னை இழுத்துக்கொண்டு அலைந்தது நான். கண் டாக்டர் மருந்துப் பாட்டிலின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டினார். வலது கண்ணுக்கு நல்ல சிவப்பு. இடது கண்ணுக்கு, "செங்கல் கலர் சார்" என்றாய். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால் உறுதியாகும், மூளையில் வேறெங்காவது தழும்பு இருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியும், தள்ளிப் போடாதீர்கள் என்றார். மெஷின் ஓட்டுகிறவனுக்குக் கண் போனால் என்ன மிச்சம் என்று நான் அங்கேயே ஸ்கேன் எடுக்கிற இடத்தை விசாரித்தேன். நீயோ ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம்தான் இந்தப் படிவம். டெக்னீஷியன் பெண் கன்னடமும் தமிழும் கலந்து ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடித்தாள். நெஞ்சில் பேஸ்மேக்கர் இல்லை, எலும்பில் பிளேட் இல்லை. கண்ணில் மெட்டல் போயிருக்கிறதா என்றதற்கும் சட்டென்று இல்லை என்றாய். பதினாறு வருடம் கிரைண்டிங் வீலுக்கு முன்னால் நின்றவன்! பக்கத்து மெஷின்காரர் கைக்குட்டை நுனியால் உன் கண்ணைத் துடைத்துவிடுவது எனக்குத் தெரியாதா? நான் வாயைத் திறந்தேன், நீ முறைத்தாய்.

"அது தூசி, பாப்பா. அவங்க மெட்டல் கேக்கறாங்க."

"என்ன தூசின்னு சொல்லுண்ணா."

"கிரைண்டிங் தூசிதான். லைன்ல எல்லாருக்கும் வுழுவுது."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். உங்கள் பட்டறையில் கண்ணில் விழுகிற எதற்கும் தூசி என்றுதான் பெயர் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த மெஷின் மொத்தமும் ஒரு பெரிய காந்தம், கண்ணுக்குள் இரும்பு கிடந்தால் இழுத்துக் கிழித்துவிடும் என்று பொறுமையாக விளக்கினாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. முதலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கண்ணில், உன் நல்ல கண்ணில், கடுகில் பாதி கூட இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி. இமையின் உள்மடிப்பில் ஒளிந்திருந்ததைக் கண் டாக்டர் எடுத்து, மறுபடி எக்ஸ்ரே பார்த்து, மூன்றாம் நாள்தான் ஸ்கேன் நடந்தது. என்னால்தான் இரண்டு நாள் லீவு வீணாயிற்று என்று சண்டைக்கு வந்தாயே, உன்னை என்ன செய்வது?

படத்தில் இடது நரம்பு மட்டும் வெளுத்துத் தடித்துத் தெரிந்தது. மூளையில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய். மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள். இரண்டு மாதத்தில் உனக்குத் தக்காளி மறுபடி சிவந்தது. மெயின்டனன்ஸ்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டாயா என்றேன். புதுப் பட்டன் இப்போதுதான் சரியாகியிருக்கிறது என்றாய்.

கண் தப்பித்தது. நீ தப்பிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கல்யாணத்துக்காகக் காவேரிப்பட்டினம் போயிருந்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனிடம் அண்ணி என்னவென்று கேட்க, "கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தாயாம். அதே 'தான்'. என்ன கேஸ் என்று கேட்க நான் பக்கத்தில் இல்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, உன் மேலும் என் மேலும்.

இன்று டெக்னீஷியன் வேறு ஒருவர். முழங்காலில் என்ன தொந்தரவு என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், சுளுக்குதான்" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது உன் பேச்சு என்று உறைத்தது. "இல்ல சார், எழுதிக்கோங்க. நாலு மாசமா படி ஏற முடியல" என்று திருத்திச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவ்வளவு வலிக்கிறதா அம்மா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.